முள் காட்டும் அழுத்தமும் உள்ளே இருக்கும் வாயுவும்

(வேப்பம்பட்டில் பொதுமக்களுக்காக ஆற்றப்பட்ட அறிவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் திருவள்ளூர் லோக்கல் வந்து நின்றால் இரண்டு சத்தங்கள் கேட்கும். முதலில் ‘புஸ்’ஸென்று காற்று வெளியேறும். கொஞ்சம் பொறுத்து, பெட்டிக்கு அடியில் கம்ப்ரஸர் தடதடவென்று ஓடத் தொடங்கும். பிரேக்குக்குச் செலவான காற்றை அது மறுபடி தொட்டியில் அடைக்கிறது. தொட்டியின் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் தானாக ஓடும். மேல் அளவைத் தொட்டதும் தானாக நிற்கும். நடைமேடையில் நிற்கும் யாரும் அதைக் கவனிப்பதில்லை. கவனித்தால், அடைபட்ட வாயு ஒன்று ஊருக்குள் தினமும் பல முறை வந்து போவது தெரியும்.

இன்னும் இரண்டு அடைபட்ட வாயுக்கள் இங்கே உண்டு. சி.டி.எச். ரோட்டில் ஓடும் ஆட்டோக்களில் சி.என்.ஜி. சிலிண்டர் இருக்கிறது. வீட்டுச் சமையலறையில் சிவப்பு எல்.பி.ஜி. சிலிண்டர் இருக்கிறது. ஆட்டோவில் அழுத்தம் காட்டும் மீட்டர் உண்டு. முள்ளைப் பார்த்தே இன்னும் எத்தனை சவாரி ஓட்டலாம் என்று டிரைவர் சொல்லிவிடுவார். சமையலறை சிலிண்டரில் அப்படி ஒரு முள் கிடையாது. பாதிக் குழம்பில் அடுப்பு அணைந்த பிறகுதான் கேஸ் தீர்ந்த செய்தி வீட்டுக்கு வருகிறது. அதிலும் ஒரு மீட்டரைப் பொருத்தினால் என்ன என்று கேட்கத் தோன்றும். பொருத்தலாம், ஆனால் பயன் இருக்காது. ஏன் இருக்காது என்பதை விளக்க வாயுக்களின் அழுத்தம், பருமன், வெப்பநிலை மூன்றுக்கும் உள்ள உறவை முழுதாகச் சொல்ல வேண்டும். அந்த உறவு எங்கே செல்லுபடியாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதலில் ஆட்டோ.

பங்க்கில் வரிசையில் நின்று சி.என்.ஜி. போட்டுக்கொண்டு கிளம்பும் டிரைவர், முள் 200 பாரில் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். ஒரு பார் என்பது கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்று தரும் அழுத்தத்துக்கு ஏறக்குறைய சமம். ஆகவே சிலிண்டருக்குள் இருப்பது அதைப்போல் 200 மடங்கு. வண்டியை ஓரமாக நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் முள் 200-இல் இல்லை, 180-களில் நிற்கிறது. ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. சிலிண்டர் கசிகிறது, பங்க்கில் ஏமாற்றிவிட்டார்கள் என்று சந்தேகம் வருவது இயல்பு. பெரும்பாலும் இரண்டுமே நடந்திருக்காது. வாயு சூடாக உள்ளே போனது, பிறகு ஆறியது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் இந்த ‘அவ்வளவுதான்’ ஐரோப்பாவின் பெரிய மூளைகளுக்குப் பிடிபட நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட சோதனையைப் பள்ளிப் புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிடும். நிஜத்தில் அது பெரும்பாடு. ‘ஜெ’ என்ற ஆங்கில எழுத்தைப்போல் வளைந்த கண்ணாடிக் குழாய். குட்டையான கை மூடியிருக்கும், நீண்ட கை திறந்திருக்கும். குழாய் அறைக்குள் அடங்காத நீளம் என்பதால் மாடிப்படிப் பக்கம் வைத்துச் சோதனை செய்தார்கள். மேலே நின்று ஒருவர் பாதரசம் ஊற்ற, கீழே இருப்பவர் அளவு பார்க்க வேண்டும். மூடிய கையில் அகப்பட்ட காற்றின் நீளம் 12 அங்குலம். அன்றைய காற்று மண்டலத்தின் அழுத்தம் 29⅛ அங்குலப் பாதரசம். காற்று 6 அங்குலமாகச் சுருங்கும்வரை பாதரசத்தை ஊற்றியபோது மொத்த அழுத்தம் 58 அங்குலத்தைத் தாண்டியது. கணக்குப்படி வர வேண்டியது 58¼. அளந்தது அதைவிட அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். கைவினைக் கண்ணாடியில், பக்கத்தில் ஒட்டிய காகித அளவுகோலில் கிடைத்த துல்லியம் இது. அழுத்தம் இரட்டித்தால் பருமன் பாதியாகும். மும்மடங்கானால் மூன்றில் ஒரு பங்காகும்.

பாயில் சொல்லாமல் விட்ட நிபந்தனை ஒன்று உண்டு. குழாயில் ஈரத்துணி சுற்றினால் காற்று கொஞ்சம் சுருங்குகிறது, தீயைக் காட்டினால் விரிகிறது என்று அவர் பார்த்திருந்தார். ஆனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய கட்டாயமும் அன்று இல்லை, ஏனென்றால் ஒரே அறையில், நிதானமாக, படிப்படியாகப் பாதரசம் ஊற்றும்போது வெப்பநிலை மாறுவதில்லை. வெப்பநிலை மாறாமல் இருந்தால்தான் இந்த விதி நிற்கும் என்ற கருத்து, 1676-இல் பிரான்ஸில் எழுதிய மரியோத்தின் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இதை மரியோத் விதி என்றுதான் சொல்வார்கள்.

அழுத்தம் என்பதே என்ன? 1738-இல் டேனியல் பெர்னூலி கொடுத்த பதில் இன்றும் நிற்கிறது. வாயு என்பது அங்குமிங்கும் பாய்ந்துகொண்டிருக்கும் எண்ணற்ற நுண்துகள்கள். அவை சிலிண்டரின் சுவரில் மோதிக்கொண்டே இருக்கின்றன. தகரக் கூரையில் விழும் பெருமழையில் தனித்தனித் துளியின் சத்தம் கேட்காது, ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். அதுபோல் தனித்தனி மோதல்கள் கலந்து ஒரே சீரான தள்ளலாக முள்ளை நகர்த்துகின்றன. இடத்தைப் பாதியாக்கினால் அதே சுவரில் மோதல் இரட்டிக்கும். சூடாக்கினால் துகள்கள் வேகமாகப் பாயும். மோதல்கள் அடிக்கடி நடக்கும், பலமாகவும் விழும். பாயில் கண்டதும் அவர் கணக்கில் விட்டதும் இந்த ஒரே படத்துக்குள் வந்துவிடுகின்றன.

விட்டுப்போன பாதியைப் பலூன்காரர்கள் கொண்டுவந்தார்கள். 1783 ஆகஸ்ட் 27 அன்று ழாக் சார்ல் (நம் பாடநூல்களில் சார்லஸ்) பாரிஸில் ஆளில்லாத ஹைட்ரஜன் பலூன் ஒன்றைப் பறக்கவிட்டார். அது கோனெஸ் என்ற கிராமத்தில் போய் விழுந்தது. வானத்திலிருந்து விழுந்து புரண்டு மூச்சுவிடும் அந்த உருண்டையை ஏதோ பூதம் என்று நினைத்த ஊரார், வைக்கோல் வாரும் கவைக்கோலால் குத்திக் கிழித்துவிட்டார்கள். சார்ல் பயந்தபாடில்லை. டிசம்பர் 1 அன்று தாமே இன்னொருவரோடு ஏறிப் பறந்தார். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே உள்ள வாயு விரியும், பலூன் வெடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் கீழ்ப்பக்கம் வாயைத் திறந்தே வைத்திருந்தார், மேலே ஒரு வால்வும் வைத்திருந்தார். வாயுக்கள் சூட்டில் எவ்வளவு விரிகின்றன என்றும் சோதித்தார். ஆனால் அதை அச்சில் போடவில்லை. 1802-இல் கே-லுசாக் அதே விஷயத்தைத் துல்லியமாக அளந்து வெளியிட்டபோது, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே சார்ல் இதைக் கண்டிருந்தார் என்று மறைக்காமல் எழுதினார். விதிக்கு சார்லஸ் பெயர் நிலைத்ததற்கு அந்த ஒரு வாக்கியமே காரணம். பெயரைத் தட்டிச் செல்ல அருமையான வாய்ப்பு. கே-லுசாக் அதை விட்டுக்கொடுத்தார்.

கே-லுசாக் கண்டது இதுதான்: காற்றோ ஹைட்ரஜனோ ஆக்ஸிஜனோ, எதுவானாலும் 0 டிகிரியில் 100 பங்கு இருந்தால் 100 டிகிரியில் 137½ பங்கு ஆகிறது. இன்றைய துல்லியமான அளவு 136.6. வாயுவுக்கு வாயு வித்தியாசம் இல்லை என்பதுதான் இதில் ஆச்சரியம். இரும்பும் செம்பும் ஒரே அளவு விரிவதில்லை, எண்ணெயும் தண்ணீரும் அப்படித்தான். வாயுக்கள் மட்டும் ஒற்றுமையாக விரிகின்றன. அதைத் திருப்பிப் போட்டால், ஒவ்வொரு டிகிரி குளிர்வுக்கும் 0 டிகிரிப் பருமனில் 273-இல் ஒரு பங்கு குறைகிறது. அப்படிக் குறைந்துகொண்டே போனால் எங்கே போய் முடியும்? −273 டிகிரியில் பருமன் பூஜ்யமாக வேண்டும். எந்த வாயுவும் அதுவரை தாக்குப்பிடிக்காது, வழியிலேயே திரவமாகிவிடும். ஆனாலும் கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான் என்று காட்டி, 1848-இல் கெல்வின் தம் அளவுகோலை அமைத்தார்.

இந்த இடத்தில்தான் நன்கு படித்தவர்களும் சறுக்குவார்கள். மார்கழி விடியலில் 20 டிகிரி, கத்திரி வெயிலில் 40 டிகிரி என்றால் வெப்பம் இரட்டிப்பாகிவிட்டது, அடைபட்ட காற்றின் அழுத்தமும் இரட்டிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கெல்வின் கணக்கில் அது 293-இலிருந்து 313. நூற்றுக்கு 7-ஐக்கூட எட்டாத உயர்வு. டயர் கடையிலும் இதே சங்கதிதான். கடைக்காரரின் மீட்டர் காட்டும் 32 பவுண்டு, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே உள்ள மிச்சம் மட்டுமே. வெளிக்காற்றின் 14.7-ஐயும் கூட்டி 46.7 என்று வைத்துக்கொண்டால்தான் விதி வேலை செய்யும். காலையில் 30 டிகிரியில் 32 பவுண்டு அடித்த கார் டயர், திருநின்றவூர் தாண்டிப் பூந்தமல்லிவரை வெயிலில் ஓடி 60 டிகிரி ஆனால் மீட்டர் 36½-ஐ ஒட்டிக் காட்டும். காற்று கூடிவிட்டது என்று அதைத் திறந்துவிட்டால் மறுநாள் காலை டயர் தொய்ந்திருக்கும். டயர் ஆறியிருக்கும்போது காற்று பாருங்கள் என்று வண்டியோடு தரும் கையேடு சொல்வதன் காரணம் இதுதான்.

அழுத்தமும் வெப்பநிலையும் சேர்ந்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கு மீனம்பாக்கம் நல்ல சாட்சி. அங்கிருந்து வானிலைத் துறையின் பலூன்கள் தினமும் மேலே போகின்றன. கீழே 27 டிகிரியில் விடும் பலூன் 30 கிலோமீட்டர் உயரத்தை எட்டும்போது, சுற்றியுள்ள அழுத்தம் தரையில் இருந்ததில் ஏறக்குறைய 85-இல் ஒரு பங்காகியிருக்கும். பாயில் மட்டும் சொன்னபடி நடந்தால் பலூன் 85 மடங்கு பெருக்க வேண்டும். ஆனால் அங்கே குளிர் −45 டிகிரியை ஒட்டி இருக்கும். சார்லஸ் அதைச் சுருக்கப் பார்க்கிறார். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் 60 மடங்குக்குச் சற்று மேல் வரும். விட்டம் நான்கு மடங்கு. அதற்குப் பிறகு ரப்பர் தாங்காது, வெடித்துவிடும். மூன்று அளவுகளையும் ஒரே சமன்பாட்டில் சேர்த்தவர் கிளாபேரான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், ஆண்டு 1834. அழுத்தத்தைப் பருமனால் பெருக்கி, கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், அடைபட்ட வாயுவின் அளவு மாறாதவரை விடையும் மாறாது.

இதை வைத்துக்கொண்டு பங்க்குக்குத் திரும்பலாம். நிரப்பி முடிக்கும்போது சிலிண்டருக்குள் 55 டிகிரி, அழுத்தம் 200 பார் என்று வைத்துக்கொள்வோம். டீ குடிக்கும் நேரத்தில் 30 டிகிரிக்கு ஆறுகிறது. கெல்வினில் 328-இலிருந்து 303. இருநூறை 303-ஆல் பெருக்கி 328-ஆல் வகுத்தால் 185. டிரைவர் பார்த்த 180-களின் முள் இதுதான். ஒரு கிராம்கூடக் குறையவில்லை. பங்க்கில் சி.என்.ஜி.யைப் பார் கணக்கிலோ லிட்டர் கணக்கிலோ விற்பதில்லை, கிலோ கணக்கில்தான் விற்கிறார்கள். பாய்ந்து செல்லும் நிறையை அளக்கும் மீட்டர் அது. ஆகவே பணத்தில் நஷ்டம் இல்லை. சிலிண்டர் முழுதாக நிரம்பவில்லை என்பது மட்டுமே நஷ்டம். அடுத்த பங்க் தூரத்தில் இருப்பவருக்கு அது சின்ன நஷ்டம் இல்லை. வரிசை நீண்டிருக்கும்போது வேகமாக நிரப்புகிறார்கள். எவ்வளவு வேகமாக நிரப்புகிறார்களோ அவ்வளவு சூடேறும், சூடேறிய அளவுக்கு 200 பாரைச் சீக்கிரம் தொட்டு மெஷின் நின்றுவிடும்.

வேகத்துக்கும் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்? முதலில் உள்ளே போன வாயுவைப் பின்னால் வரும் வாயு நெருக்குகிறது. நெருக்குவது ஒரு வேலை. அந்த வேலை துகள்களின் வேகமாக மாறுகிறது. நிதானமாக நெருக்கினால் அந்தச் சூடு சுவர் வழியே வெளியேறிவிடும், பாயில் விதி நிற்கும். திடீரென்று நெருக்கினால் வெளியேற நேரம் இல்லை. இந்த ‘நேரம் இல்லை’யைக் கவனிக்காமல்தான் நியூட்டனே இடறினார்.

ஒலி காற்றில் எவ்வளவு வேகமாகப் போகும் என்று நியூட்டன் தம் ‘பிரின்சிபியா’வில் கணக்கிட்டார். 1713-இல் வந்த இரண்டாம் பதிப்பில் கிடைத்த விடை விநாடிக்கு 979 அடி. அளந்து பார்த்தவர்கள் சொன்னதோ 1,142. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு உதைத்தது. அவர் சும்மா விடவில்லை. காற்றுத் துகள்களின் தடிமன், நீராவி என்று எதையெதையோ கூட்டி விடையை வரவழைத்தார். பள்ளிப் பையன் செய்திருந்தால் வாத்தியார் காதைத் திருகியிருப்பார். ஒலி என்பது காற்று நெருங்குவதும் விலகுவதுமான அலை. நெருங்கும்போது பாயில் விதிப்படியே அழுத்தம் கூடும் என்று நியூட்டன் எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை நெருங்கி விலகும் காற்றுக்கு ஆற நேரம் ஏது? நெருங்கிய இடம் சூடாகிறது, அழுத்தம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகிறது, அலை முந்துகிறது. 1816-இல் லாப்லாஸ் இதைக் கண்டு சொன்னார். திருத்தம் காற்றுக்கு 1.4-இன் வர்க்கமூலம், அதாவது 1.183. நியூட்டனின் 979-ஐ அதனால் பெருக்கினால் 1,158 வருகிறது.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில்தான் 1792-இல் எழுந்த மதராஸ் வானாய்வகம் இருந்தது. தமிழிலும் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியலாளராக இருந்தவர் ஜான் கோல்டிங்காம். இப்போது ராஜாஜி ஹால் என்று அழைக்கப்படும் கட்டடத்தை வடிவமைத்தவரும் இவரே. வானம் பார்க்கச் சம்பளம் வாங்கியவர் கட்டடமும் கட்டினார், அந்தக் காலம் அப்படி. புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி சுடுவது வழக்கமாக இருந்தது. கோட்டை வானாய்வகத்திலிருந்து 14,000 அடியை ஒட்டிய தூரம். பரங்கிமலை ஏறக்குறைய 29,500 அடி. பீரங்கி வெடிக்கும் வெளிச்சம் கண்ணில் பட்டதிலிருந்து சத்தம் காதில் விழும்வரை எத்தனை விநாடி என்று எண்ணுவதுதான் கோல்டிங்காமின் சோதனை. கோட்டைக் குண்டுக்கு 12 விநாடிக்கு மேல், பரங்கிமலைக் குண்டுக்கு 26 விநாடியை ஒட்டி. ஒவ்வொரு முறையும் அழுத்தமானி, வெப்பமானி, ஈரமானி மூன்றையும் பார்த்து எழுதினார்கள். 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

டிசம்பர், ஜனவரியில் வேகம் விநாடிக்கு 1,100 அடியை ஒட்டி வந்தது. ஜூலை, ஆகஸ்டில் 1,160-ஐ ஒட்டி. வெயில் ஏற ஏற ஒலி முந்துகிறது. கோட்பாடும் அதையே சொல்கிறது: அழுத்தம் கூடினால் அடர்த்தியும் அதே அளவு கூடி, ஒன்றையொன்று அடித்துவிடும். மிஞ்சுவது வெப்பநிலை மட்டும். ஆனால் சென்னையின் குளிர்காலத்துக்கும் கோடைக்கும் இடையே உள்ள சில டிகிரி வித்தியாசம் 60 அடி மாற்றத்தைத் தராது. 15 அடி, மிஞ்சினால் 20 அடி தரும். பருவக்காற்று ஒலியைத் தள்ளியிருக்கலாம், இழுத்திருக்கலாம், எண்ணியவரின் காதும் கடிகாரமும் தம் பங்குக்குச் சேர்த்திருக்கலாம். போக்கு சரி, அளவு மிகை என்று சொல்வதே நியாயம். என்றாலும் ஓராண்டு முழுக்க வெயிலிலும் மழையிலும் பீரங்கிச் சத்தத்தை எண்ணி, பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதி வைத்த அந்தப் பொறுமையை மறுக்க முடியாது.

இவ்வளவு நேரம் பேசிய விதி எல்லா வாயுவுக்கும் ஒன்றுபோல் பொருந்தும் என்றுதான் பள்ளியில் சொல்கிறார்கள். பாடநூல் அப்படிப்பட்ட வாயுவை ‘நல்லியல்பு வாயு’ என்று அழைக்கிறது. நல்லியல்பு உள்ள மனிதரைப்போலவே அதுவும் புத்தகத்தில்தான் முழுதாகக் கிடைக்கும். காரின் டிக்கியில் வைக்கும் 60 லிட்டர் சி.என்.ஜி. சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரியில், 200 பாரில் அதில் எவ்வளவு மீத்தேன் பிடிக்கும் என்று விதியைக் கேட்டால் 7.6 கிலோ என்கிறது. நிஜத்தில் 9 கிலோவை ஒட்டிப் பிடிக்கிறது. விதியைவிட வாடிக்கையாளருக்குச் சாதகமாக நடந்துகொள்ளும் வாயு! இவ்வளவு நெருக்கத்தில் துகள்கள் ஒன்றையொன்று இழுக்கத் தொடங்குகின்றன, அதனால் சுவரில் மோதும் வேகம் தணிகிறது. அதே அழுத்தத்துக்குள் இன்னும் கொஞ்சம் வாயு அடங்கிவிடுகிறது. இந்த இழுவையையும் துகள்கள் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் சமன்பாட்டில் சேர்த்தவர் டச்சு நாட்டின் வான் டெர் வால்ஸ். 1873-இல் அது அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு. 1910-இல் நோபல் பரிசு.

சமையலறைச் சிலிண்டரில் விதி இன்னும் மோசமாகத் தோற்கிறது. அதன் உள்ளிடம் 33.3 லிட்டர். அதில் புரோபேனும் பியூட்டேனும் கலந்த 14.2 கிலோ. அவ்வளவும் வாயுவாக இருந்தால் 30 டிகிரியில் அழுத்தம் என்ன என்று கணக்குப் போட்டால் 200 பாருக்கு மேல் வருகிறது. அந்த மெல்லிய தகடு அதைத் தாங்குமா? நிஜ அழுத்தம் 10 பாருக்குக் கீழ்தான். மீதி எங்கே போயிற்று? திரவமாகிவிட்டது.

சி.என்.ஜி. 200 பாரிலும் வாயுவாகவே இருக்க, எல்.பி.ஜி. மட்டும் ஏன் சீக்கிரமே திரவமாகிவிட்டது? இதற்கான பதில் பெல்ஃபாஸ்டில் தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869-இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு மாறுநிலை வெப்பநிலை உண்டு. அதற்கு மேலே சூடாக இருந்தால் எவ்வளவு நெருக்கினாலும் அது திரவமாகாது. மீத்தேனுக்கு அது −82 டிகிரி. வேப்பம்பட்டில் எந்த மார்கழியும் அந்தப் பக்கம் போகாது. ஆகவே அடைத்தாலும் வாயுதான். புரோபேனுக்கு 96, பியூட்டேனுக்கு 152. எந்த அக்னி நட்சத்திரமும் அதைத் தொடாது. ஆகவே கொஞ்சம் அமுக்கினால் திரவம். ஆண்ட்ரூஸ் ஆராய்ந்த கரியமில வாயுவுக்கோ 31 டிகிரி. அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் கரியமில வாயுத் தீயணைப்பானுக்குள் காலையில் திரவம் இருக்கும். சென்னையின் மத்தியானத்தில் திரவம், வாயு என்ற பேதமே அழிந்துபோயிருக்கும். அந்தத் தீயணைப்பானிலும் அழுத்த மீட்டர் இருக்காது. எடை போட்டுத்தான் சோதிப்பார்கள்.

மீத்தேனைத் திரவமாக்க முடியாது என்றில்லை, குளிரவைத்தால் முடியும். இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில், எண்ணூர்த் துறைமுகத்தில், 2019-இல் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் எல்.என்.ஜி. முனையம் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன். அங்கே கப்பலில் வரும் இயற்கை எரிவாயு −160 டிகிரியை ஒட்டிய குளிரில் திரவமாக இருக்கிறது, அதுவும் சாதாரண அழுத்தத்திலேயே. வாயுவாக இருக்கும்போது பிடிக்கும் இடத்தில் 600-இல் ஒரு பங்கே அதற்குப் போதும். சூடாக்கி மறுபடி வாயுவாக்கிக் குழாயில் விடுகிறார்கள். ஆட்டோ சிலிண்டரில் அழுத்தத்தால் சாதிப்பதைக் கப்பலில் குளிரால் சாதிக்கிறார்கள்.

இப்போது சமையலறை மீட்டருக்கு வரலாம். திரவமும் அதன் ஆவியும் சேர்ந்திருக்கும் சிலிண்டரில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலையும் கலவையும்தான். எத்தனை கிலோ மிச்சம் இருக்கிறது என்பது அல்ல. அடுப்பு எரிய எரிய ஆவி வெளியேறும். அந்த இடத்தைத் திரவம் கொதித்து ஆவியாகி உடனே நிரப்பிவிடும். பாதி தீர்ந்தாலும் முக்கால் தீர்ந்தாலும் முள் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். புரோபேன் முந்திக்கொண்டு ஆவியாவதால் மெல்ல இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் காலைக்கும் மத்தியானத்துக்கும் வெயிலால் ஏறி இறங்கும் அளவு அந்த இறக்கத்தை மறைத்துவிடும். கடைசிச் சொட்டுத் திரவமும் ஆவியான பிறகுதான் பாயிலுக்கு வேலை வரும். அப்போது உள்ளே மிஞ்சுவது சுமார் கால் கிலோ வாயு. மீட்டரின் முள் உருப்படியாக நகரும் நேரத்தில் சட்னி தாளிக்கத்தான் கேஸ் இருக்கும்.

இதனால்தான் வீடுகளில் வேறு உபாயங்கள் வழக்கத்துக்கு வந்தன. சிலிண்டரை ஈரத்துணியால் மேலிருந்து கீழ்வரை துடைத்துவிட்டுச் சற்று நேரம் பார்த்தால், மேல்பகுதி சட்டென்று உலர்ந்துவிடும், கீழ்ப்பகுதி ஈரமாகவே நிற்கும். அந்த எல்லைக்கோடுதான் திரவ மட்டம். உள்ளே திரவம் தொட்டிருக்கும் தகடு சீக்கிரம் சூடேறாது, அதனால் ஈரம் தங்குகிறது. கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் துணிகூட வேண்டாம். பெரிய அடுப்புகளுக்குக் கேஸ் வேகமாகப் போகும்போது, ஆவியாவதற்கான வெப்பத்தைத் திரவம் தன்னிடமிருந்தே எடுத்துக்கொண்டு குளிர்ந்துபோகும். சிலிண்டர் மேல் திரவ மட்டம்வரை வியர்த்து நீர் கோத்திருக்கும். குளிர்ந்தால் ஆவியழுத்தம் இறங்கும், தீ தணியும். தீயைத் தூக்க வேண்டும் என்று சிலிண்டரை வெந்நீர் அண்டாவில் இறக்கும் சமையல்காரர்கள் இருக்கிறார்கள். அது வினையை விலைக்கு வாங்குவது. நிரப்பும் ஆலையில் சிலிண்டரின் ஐந்தில் ஒரு பங்கை வேண்டுமென்றே காலியாக விடுகிறார்கள். சூட்டில் திரவமும் விரியும்; விரிய அந்த இடம் வேண்டும். அளவுக்கு மீறிய சூட்டில் அந்த இடமும் நிரம்பிவிட்டால், திரவத்தை நெருக்க முடியாது என்பதால் அழுத்தம் ஒரே தாவாகத் தாவும்.

மிச்சம் எவ்வளவு என்பதற்குத் தவறாத விடை எடைதான். சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறத்தில் காலி எடை பொறித்திருக்கும். சிலிண்டருக்குச் சிலிண்டர் அது மாறும். 15.3 என்று இருந்தால், புதிதாக வந்த சிலிண்டர் 29.5 கிலோ நிற்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவருபவரிடம் தராசு இருக்க வேண்டும், கேட்டால் எடை போட்டுக் காட்ட வேண்டும். அதே பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் தெரியும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர், இலக்கம் ஆண்டு. அந்தக் காலாண்டுக்குள் சிலிண்டர் மறுசோதனைக்குப் போயாக வேண்டும். தேதி கடந்த சிலிண்டர் வாசலுக்கு வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம்.